இரண்டாவது பாலம் ரப்பர் மேலே நிற்கிறது என்று அப்பா சொல்கிறார், உண்மையா?

தெபால்காரன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல் கேள்வி. போன மாதம் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்தது. வீடு எதிரே பெருநிலத்தில் நிபோங் தெபால் பக்கம், தோட்டத்திலிருந்து வெளியே வந்தவர்கள் நிறைய பேர் வீடு வாங்கியிருக்கும் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. இனி தினமும் கடலைத் தாண்ட வேண்டும்.

முந்தாநாள் சாப்பிடும்போது அப்பாவிடம், எந்தப் பாலத்தில் போகலாம் என்று கேட்டேன். அப்பா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டாவதுலயே போ, அது நம்ம ரப்பர் மேல நிக்குது, பூமி ஆடினாலும் அசையாது" என்றார். அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்பா கோபித்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். அப்புறம் யோசித்தால், அப்பா சும்மா கதை விடுகிற ஆள் இல்லை. எங்கேயோ கேட்டிருக்கிறார். இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

இன்னொன்று, தீவுக்குப் போகும்போது மட்டும் டோல் வாங்குகிறார்கள், திரும்பி வரும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. அது ஏன்? அப்புறம் பழைய பாலத்தில் ஜாமில் நிற்கும்போது, நடுவில் அந்தக் கம்பி கட்டிய இடத்தில் பக்கத்தில் ஒரு லாரி போனால் காரே லேசாகத் தூக்கிப் போடுகிறதே, அதெல்லாம் சாதாரணம்தானா? எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

---

பாலத்தடி எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேள். அவர் சொன்னது சரி.

சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்சாம் ஷா பாலம், அதாவது நாம் இரண்டாவது பாலம் என்று சொல்வது, உண்மையிலேயே ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தூணுக்கும் மேலே போகும் சாலைத் தளத்துக்கும் நடுவில் மெத்தை மாதிரி ரப்பர்க் கட்டைகள் இருக்கின்றன. செயற்கை ரப்பர் இல்லை, மரத்தில் வடிகிற பாலிலிருந்து வந்த இயற்கை ரப்பர். மலேசிய ரப்பர் வாரியத்தின் பல வருஷ ஆராய்ச்சி இதற்குப் பின்னால் இருக்கிறது.

வெறும் ரப்பர்க் கட்டியைத் தூணுக்கு மேலே வைத்தால் பாலத்தின் எடையில் பூரி மாவு மாதிரி பிதுங்கிப் போகும். அதனால் ஒரு அடுக்கு ரப்பர், ஒரு இரும்புத் தகடு, மறுபடி ரப்பர், மறுபடி தகடு என்று அடுக்கி, சூட்டில் ஒன்றாக ஒட்டவைத்து விடுவார்கள். தகடு இருப்பதால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க முடியாது, மேலிருந்து வருகிற எடையைத் தாங்கிவிடும். ஆனால் கிடைமட்டத்தில் தள்ளினால் சீட்டுக்கட்டைக் கையில் வைத்துச் சாய்க்கிற மாதிரி நெளிந்து கொடுக்கும். மேலே கீழே கல் மாதிரி, இடம் வலம் மட்டும் இளகல். நிலநடுக்கத்தில் தூணை ஆட்டுகிற வேகம் அப்படியே மேலே ஏறாமல் இந்த இடத்தில் முறிந்துபோகிறது.

அதுவும் சாதாரண ரப்பர் இல்லை. ரப்பர்ப் பந்தைக் கீழே போட்டால் குதித்துக்கொண்டே இருக்கும், அந்தக் குணம் பாலத்துக்கு ஆகாது, ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் நிற்காது. அதனால் கரித்தூள் போன்ற பொருள்களைச் சேர்த்துப் பக்குவப்படுத்துவார்கள். அப்படிச் செய்த ரப்பர் நெளியும்போது ஆட்டத்தின் சக்தியைச் சூடாக மாற்றித் தின்றுவிடும், துள்ளாது.

நமக்கு எதற்கு நிலநடுக்கக் கவலை என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கும். சுமத்ராவில் நடந்தது, இங்கே பினாங்கு வரைக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஆட்டம் தெரிந்தது, மத்தியானம் கடலும் ஏறி வந்தது. அதற்கு அப்புறம் திட்டம் போட்ட பாலத்தில் அதை நினைக்காமல் இருக்க முடியுமா?

பாலத்துக்கு ரப்பர் மெத்தை வைப்பது ஒன்றும் புதுசு இல்லை. இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் பெல்ஹாம் பாலம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே 1957ஆம் ஆண்டு வாக்கிலேயே இயற்கை ரப்பர் மெத்தை வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போன ரப்பர் பெரும்பாலும் எந்த ஊரில் வெட்டியது என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

ஒரே ஒரு திருத்தம். "நம்ம ரப்பர்" என்று அப்பா சொன்னதில் கொஞ்சம் பாசம் கூடிவிட்டது. 2014இல் பாலம் திறந்தபோது தோட்டங்களில் எங்கே ரப்பர்? எல்லாம் எண்ணெய்க்காகச் செம்பனை ஆகி எவ்வளவு நாளாச்சு. நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி இப்போது சிறுதோட்டக்காரர்கள் வெட்டுவதுதான். சரி, அதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

---

பழைய கிராணி எழுதியது:

டோல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பாலம் இல்லாத காலத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று தெரியவில்லை, நான் ஒருவன் இருக்கிறேன்.

ஃபெரிக்கே அப்படித்தான். பட்டர்வொர்த்தில் ஏறும்போது காசு, தீவிலிருந்து திரும்பும்போது இலவசம். தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பி வந்துதான் ஆக வேண்டும், நீந்தியா வருவான், ஒரு பக்கம் வாங்கினால் போதும். இரண்டு பக்கமும் வசூல் சாவடி வைத்தால் இரண்டு மடங்கு ஆள், இரண்டு மடங்கு வரிசை. பாலம் வந்தபோதும் அதே வழக்கம் வந்துவிட்டது. பிறைப் பக்கம் மட்டும் சாவடி, தீவுப் பக்கம் குளுகோரில் ஒன்றும் இல்லை. இரண்டாவது பாலத்திலும் பத்து காவான் பக்கம் மட்டும்தான். இதனால் ஒரு தந்திரமும் நடந்தது: ஃபெரியில் போய்ப் பாலத்தில் இலவசமாகத் திரும்புகிறவர்கள் இருந்தார்கள், பாலத்தில் போய் ஃபெரியில் இலவசமாகத் திரும்புகிறவர்களும் இருந்தார்கள். காற்று வாங்க.

நான் அப்போது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆபீசில் வேலை. தைப்பூசத்துக்குத் தீவில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவது என்றால் அது ஒரு நாள் பயணம் இல்லை, ஒரு படையெடுப்பு. தோட்டத்து லாரியில் தார்ப்பாய் போட்டு, பிள்ளைகள், பால்குடம், காவடி ஜோடனைக்கான மயில்தோகை மூட்டை, சோற்றுக் கூடை எல்லாம் ஏற்றிப் பட்டர்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கினால், அங்கே வரிசை சாலை வரைக்கும் நிற்கும். ஃபெரியில் கீழ்த்தட்டில் வண்டிகள், மேல்தட்டில் ஆட்கள். கயிறு அவிழ்ந்து தகடு மேலே தூக்கும்போது ஒரு இரும்புச் சத்தம் வரும், பிள்ளைகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் எங்கள் மண்டோர் (மேஸ்திரி) மனைவி பால்குடத்தை மடியில் வைத்துக்கொண்டே கரை சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கடல் பயம்.

1982இல் முதல் பாலத்தின் வேலை ஆரம்பித்தார்கள். கொரியாவின் ஹூண்டாய் கட்டியது. பணம் ஏறக்குறைய 800 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்), அந்தக் காலத்து வெள்ளி. அப்போது பொதுப்பணி அமைச்சர் நம்ம சாமிவேலு, அதனால் தோட்டத்தில் டீக்கடைப் பேச்சில் பாலத்தையே அவர் வீட்டுச் சொத்து மாதிரி ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். முதலமைச்சர் லிம் சோங் இயூ. இப்போது தீவில் பாலத்திலிருந்து இறங்கியதும் வருகிற கடலோரச் சாலைக்கு அவர் பெயர்தான். 1985 செப்டம்பர் 14ஆம் தேதி திறந்தார்கள், பிரதமர் மகாதீர் சிவப்பு புரோட்டோன் சாகா காரில் கொடி கட்டி ஓட்டிப் போனார். சாகா வந்தே அப்போது சில வாரம்தான் ஆகியிருந்தது.

---

ஜாவி_ராஜா எழுதியது:

ஐயா, ஒரு சின்னத் திருத்தம், கோபிக்க வேண்டாம். மகாதீர் சாகா ஓட்டிய திறப்பு விழா ஆகஸ்ட் 3ஆம் தேதி. செப்டம்பர் 14 என்பது பொதுமக்கள் வண்டிகளை விட்ட நாள். இரண்டையும் எல்லாரும் போட்டுக் குழப்புகிறார்கள்.

எனக்கு ஒரே எரிச்சல் டோல் விஷயத்தில்தான். பாலம் கட்டி நாற்பது வருஷம். அந்த 800 மில்லியனை எத்தனை தடவை திருப்பி எடுத்திருப்பார்கள்? பல வருஷம் ஏழு வெள்ளி வாங்கினார்கள், 2020 பிப்ரவரியில் நாடு முழுக்க விரைவுச்சாலைகளில் 18 விழுக்காடு குறைத்தபோதுதான் 5 வெள்ளி 74 காசு ஆச்சு. தோட்டத்துச் சனம் தீவில் வேலைக்குப் போவதற்கே தினம் மொய் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

---

பழைய கிராணி எழுதியது:

ஆமாம், ஆகஸ்ட் 3 சரி. வயசாகிவிட்டது, திருத்தியதற்கு நன்றி தம்பி.

---

பேக்டரி பஸ் எழுதியது:

மொய் என்று ராஜா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஆனால் மோட்டார்காரர்களுக்கு 2019 ஜனவரி 1ஆம் தேதி முதல் டோல் இல்லை, அதையும் சொல்லுங்கள். என் தம்பி அதற்கு முன் ஒவ்வொரு நாளும் 1 வெள்ளி 40 காசைச் சட்டைப் பையில் எண்ணி வைத்துக்கொண்டு போவான், மழையில் கையுறையைக் கழற்றிச் சில்லறை எடுப்பதற்குள் பின்னால் நிற்பவன் ஹார்ன் அடிப்பான். தொகை சின்னதுதான், ஆனால் மோட்டாரில் போகிறவனுக்கு அந்த ஒரு நிமிஷம் நனைவது பெரிசு.

நான் தொண்ணூறுகளில் பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குப் போனவள். அங்கே 1972இலிருந்தே தடையற்ற வாணிப வட்டாரம் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தது பாலம் வந்த பிறகுதான். அதற்கு முன் ஃபெரி, அப்புறம் பஸ், அப்புறம் நடை என்றால் எந்த அப்பா விடுவார்? பாலம் வந்தபின் பேக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்தது. விடியற்காலை நாலரைக்கு, கோயில் முன்னால். பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள், நாங்கள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம். பஸ் ஏறியதும் தூங்கிவிடுவோம். டோல் சாவடியில் வண்டி நின்று கிளம்புகிற குலுக்கலில் ஒரு தடவை விழிப்பு வரும், அப்புறம் பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிற டக், டக், டக். அந்தச் சத்தம் நின்றால் தீவு வந்துவிட்டது, சீப்பை எடுக்க வேண்டும். இருபது வருஷம் அந்தப் பாலத்தில் போயிருக்கிறேன், முதல் அஞ்சு வருஷம் கடலையே பார்த்ததில்லை.

ஆனால் 2000க்கு அப்புறம் ஜாம் தாங்க முடியவில்லை. பக்கத்துக்கு இரண்டு தடம்தான் அப்போது. ஒரு லாரி பழுதாகி நின்றால் ஷிப்ட்டே போச்சு. ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் பாலத்திலேயே நின்றோம், பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு அவசரம், பாவம், கடைசியில் பின் சீட்டில் நாங்கள் நாலு பேர் பாவாடையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய பெயிண்ட் வாளியை… சரி அது இங்கே வேண்டாம். 2008இல் அகலப்படுத்த ஆரம்பித்து 2009 கடைசியில்தான் பக்கத்துக்கு மூன்று தடம் ஆனது.

தம்பி, நடுவில் ஆடுவது பற்றிக் கேட்டீர்கள். எங்கள் பஸ்ஸும் ஆடும். பாலத்தடி அண்ணன் சொல்லட்டும்.

---

பாலத்தடி எழுதியது:

அக்கா, பெயிண்ட் வாளிக் கதையை இன்னொரு நாள் முழுசாகக் கேட்க வேண்டும்.

ஆடுவது சாதாரணம். ஆடாமல் விறைத்து நின்றால்தான் எனக்குப் பயம் வரும். பழைய பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேலே 8.4. அந்த 8.4இல் பெரும்பகுதி சாதாரணத் தூணும் விட்டமும்தான், கிட்டக்கிட்டத் தூண்கள். நடுவில் மட்டும் கப்பல் போக வேண்டும், அங்கே தூணைக் கிட்டக்கிட்ட வைக்க முடியாது. அதனால் அந்த இடத்தில் ஒரே தாவலாக 225 மீட்டர், தண்ணீரிலிருந்து 33 மீட்டர் உயரம். அந்த நீளத்துக்கு விட்டத்தை மட்டும் நம்ப முடியாது, அதனால் கோபுரம் கட்டி மேலேயிருந்து சாய்வாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

உன் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காண்டா வாளி தூக்கியிருப்பார் இல்லையா, தோளில் கம்பு, இரண்டு முனையிலும் பால் வாளி. தோள்தான் கோபுரம். ஒரு பக்கம் வாளி கனமாகி இன்னொரு பக்கம் காலி என்றால் ஆள் சாய்ந்துவிடுவார். இந்த மாதிரிப் பாலமும் அப்படித்தான், கோபுரத்துக்கு இந்தப் பக்கம் எவ்வளவு இழுவையோ அதே அளவு அந்தப் பக்கமும் வேண்டும். நடுத் தாவல் 225 மீட்டர் என்றால் இரண்டு ஓரத்திலும் 107.5 மீட்டர், கூட்டிப் பார், இரண்டு ஓரமும் சேர்ந்து 215. கிட்டத்தட்டச் சமம். தோளில் கம்பு வைத்துக்கொண்டு ஒரு ஆள் நடக்கிறபோது வாளி மேலும் கீழும் லேசாக ஊசலாடுமே, அதைத்தான் நீ ஜாமில் நிற்கும்போது உணர்கிறாய். ஓடும் காரில் அது தெரியாது, நிற்கும் காரில்தான் தெரியும்.

அக்கா அகலப்படுத்தியதைச் சொன்னார், அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 1985இல் கட்டும்போதே அந்த நடுப் பகுதியை ஆறு தட அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள், மற்ற இடமெல்லாம் நாலு தடம். சாதாரணத் தூண் பகுதியைப் பக்கத்தில் இன்னொரு வரிசை தூண் போட்டு எப்போது வேண்டுமானாலும் அகலப்படுத்தலாம், கம்பி இழுத்துக் கட்டிய இடத்தைப் பிறகு பிரித்து அகலப்படுத்துவது நடக்கிற காரியமா? இருபத்து மூன்று வருஷம் கழித்து வேண்டியிருக்கும் என்று அப்போதே யோசித்து அந்த ஒரு இடத்தில் மட்டும் காசைப் போட்டிருக்கிறார்கள். ராஜாவுக்குச் சொல்கிறேன், டோல் பற்றி நீங்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வரைந்தவர்களைத் திட்டாதீர்கள்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். சின் ஃபுங் கீ, பினாங்கில் பிறந்தவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர். பழைய பாலத்து வேலையில் அவர் கை இருக்கிறது. மண்ணும் அடித்தூணும் அவருக்கு அத்துப்படி. ஒரு அடித்தூணை முழுசாக முறியும்வரை அழுத்திப் பார்க்காமலேயே, பாதியளவு சோதனையை வைத்து அது எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட ஒரு வழி சொன்னார், அதை இன்றைக்கும் உலகம் முழுக்க அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். நம் கடலடி இருக்கிறதே, மேலே எல்லாம் குழைந்த களிமண். கால் வைத்தால் முட்டி வரை போகும். அந்தச் சேற்றைத் தாண்டிக் கெட்டித் தரையில் தூணை இறக்கினால்தான் நிற்கும். மேலே தெரிகிற கோபுரத்தைப் போட்டோ எடுக்கிறோம், பாலத்தின் பாதி வேலை அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது, அதை யார் போட்டோ எடுப்பது.

---

ஜாவி_ராஜா எழுதியது:

வரைந்தவரை நான் எங்கே திட்டினேன் அண்ணா, வசூலிப்பவரைத்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், இரண்டாவது பாலத்தில் எல்லாமே ஒழுங்கா? 2013 ஜூன் மாதம் பத்து மாவுங் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஏறுசாலை இடிந்து ஒரு காரின் மேல் விழுந்ததே, ஓட்டியவர் இறந்துபோனார். என் மனைவி அதிலிருந்து இரண்டாவது பாலத்தில் ஏறவே மாட்டேன் என்று ரொம்ப நாள் பிடிவாதம்.

---

பாலத்தடி எழுதியது:

ஆமாம், ஜூன் 6. மறக்க முடியாது. அது கடல் பாலம் இல்லை, கரையில் கட்டி முடிக்காமல் இருந்த ஏறுசாலை, ஆனால் இறந்தவர் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதல். கட்டும்போதுதான் பாலம் ரொம்பப் பலவீனமாக இருக்கும், எல்லாம் சேர்ந்து இறுகும்வரை ஒவ்வொரு துண்டும் தற்காலிகத் தாங்கலில் நிற்கிறது. கட்டி முடித்துச் சோதித்துத் திறந்தது வேறு கதை.

---

பழைய கிராணி எழுதியது:

இறப்பு பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். 1988 ஜூலை 31, பட்டர்வொர்த் ஃபெரி நிலையம். பாலம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் காடி (கார்) இல்லாதவனுக்கு ஃபெரிதானே. அன்றைக்குப் புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழா, தீவில் சீனர்களின் குவான் யின் விழா. இரண்டு கூட்டமும் சேர்ந்து நிலையத்தில் ஏறி நிற்க, தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். எங்கள் தோட்டத்திலிருந்தும் செயின்ட் ஆன் போனவர்கள் இருந்தார்கள், ராத்திரி முழுக்கத் தோட்டத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம், ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவர் செருப்பில்லாமல் வந்தார்.

அந்த நிலையத்துக்கும் சுல்தான் அப்துல் ஹாலிம் பெயர்தான், இரண்டாவது பாலத்துக்கும் அதே பெயர்தான். இரண்டு தடவை மாமன்னராக இருந்தவர், கெடா சுல்தான்.

பழைய ஃபெரி 2020 டிசம்பர் கடைசியோடு நின்றது. 2023 ஆகஸ்டில் புதுக் கப்பல்கள் வந்தன, ஆட்களும் மோட்டாரும் மட்டும், காடி ஏற்ற முடியாது. அதனால் தெபால் தம்பிக்கு இப்போது காரில் போனால் இரண்டே வழிதான், இரண்டும் பாலம்தான்.

---

வால்டோர்_கார்டு எழுதியது:

எந்தப் பாலம் என்ற கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! பாலம் கட்டின கதையெல்லாம் நன்றாக இருக்கிறது, பையன் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டாமா?

தம்பி, நீங்கள் நிபோங் தெபால், வேலை பாயான் லெப்பாஸ். யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது பாலம். பத்து காவானில் ஏறி பத்து மாவுங்கில் இறங்கினால் பாயான் லெப்பாஸ் பக்கத்திலேயே. பழைய பாலம் என்றால் பிறை வரைக்கும் வடக்கே போய், குளுகோரில் இறங்கி மறுபடி தெற்கே வர வேண்டும், மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. ஜோர்ஜ்டவுனில் வேலை என்றால் மட்டும் பழையது. டோல் முதலில் 8 வெள்ளி 50 காசு இருந்தது, இப்போது 7. பழைய பாலத்தை விட ஒரு வெள்ளி சில்லறை அதிகம், ஆனால் பெட்ரோலையும் ஜாமில் போகிற உயிரையும் கணக்குப் போட்டால் இதுதான் லாபம். பாலம் நீளம் 24 கிலோமீட்டர், அதில் கடல் மேலே ஏறக்குறைய 17. திறந்த புதிதில், 2014 மார்ச் மாதம் முழுக்க டோல் இலவசம், அப்போது எங்கள் தாமானே குடும்பத்தோடு சும்மா போய்த் திரும்பி வந்தது, நாசி லெமாக் கட்டிக்கொண்டு.

மோட்டாரில் போனால் அதில் தனித் தடம் இருக்கிறது. ஆனால் காற்று. நடுக்கடலில் பக்கவாட்டில் அடிக்கும், சின்ன மோட்டாரைத் தள்ளிவிடும். மழைச்சட்டை பட்டனைப் போட்டு விடுங்கள், இல்லாவிட்டால் பாய்மரம் மாதிரி ஆகிவிடும்.

முக்கியமான ஒன்று. டோல் கார்டில் காசு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். நான் ஒரு தடவை 6 வெள்ளி 20 காசு வைத்துக்கொண்டு போய் நின்றேன். கட்டை தூக்கவில்லை. பின்னால் இருபது கார். ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது. பின்னால் நின்ற லாரிக்காரர், ஒரு மலாய்ப் பெரியவர், இறங்கி வந்தார், திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தன் கார்டைத் தட்டிவிட்டு, "ஜாலான், ஜாலான்" (போ, போ) என்று கையை ஆட்டினார். ஏழு வெள்ளியை நோட்டாகக் கொடுத்தேன், வாங்கவில்லை.

---

பேக்டரி பஸ் எழுதியது:

பத்து காவான் என்றதும் எனக்கு வேறு ஞாபகம். எங்கள் பாட்டி அங்கே தோட்டத்தில் பிறந்தவர். ஆறுகள் சூழ்ந்த இடம், அந்தக் காலத்தில் அங்கே போவதற்கே சம்பான்தான். முதலில் கரும்பு, அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை. இப்போது அரங்கம், தொழிற்சாலைகள், ஐக்கியா கடை. பாட்டி இருந்திருந்தால் ஐக்கியாவில் மீட்பால் சாப்பிட்டுக்கொண்டு, "இங்கதான் எங்க லயத்து வீடு இருந்துச்சு" என்று சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார், நாங்கள் வேறு மேஜைக்கு ஓடியிருப்போம்.

---

தெபால்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. பெயிண்ட் வாளிக் கதைக்கு நானும் காத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது பாலத்தில் போய்ப் பார்த்தேன். கார்டில் முப்பது வெள்ளி போட்டுவிட்டுத்தான் போனேன், வால்டோர் அண்ணன் பயமுறுத்தியதில். தீவுப் பக்கம் பத்து மாவுங்கில் இறங்கி, கரையில் தூண்டில் போடுகிறவர்கள் நிற்கிற இடத்தில் காரை நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் தூணுக்கு மேலே, தளத்துக்குக் கீழே, கறுப்பாக ஒரு சின்னப் பட்டை தெரிகிறது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் காட்டினேன். அப்பா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாலத்தடி அண்ணன் சொன்ன அடுக்குக் கதையை, ரப்பர், தகடு, ரப்பர், தகடு என்று விளக்கினேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை, ரப்பர் ஷீட் போட்டு அடுக்கினவர்தானே.

"எவ்வளவு தடிப்பு இருக்கும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், எங்கள் பேச்சைக் கேட்டிருப்பார் போல, அது ரப்பரா என்று மலாயில் கேட்டார். அப்பா அவருக்கு நின்று நிதானமாக விளக்க ஆரம்பித்துவிட்டார், காண்டா வாளி உட்பட, கையை இரண்டு பக்கமும் நீட்டித் தோளைக் காட்டி. அரை மணி நேரம் ஆச்சு. அந்த மனிதர் மீன் ஒன்றும் பிடிக்கவில்லை.

திரும்பும்போது சாவடிக்கு எதிர்ப்பக்கத்தைத் தாண்டி வந்தபோது, "இங்க ஒண்ணும் கட்ட வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம், ஃபெரி மாதிரிதான் என்றேன். "அப்ப சரி, அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டு வரலாம், அவதானே சிரிச்சா" என்றார்.